பந்தயம் முடிந்த பின்னும் மாறும் முடிவுகள்: ஊக்கமருந்து பற்றி ஓர் இரசிகனின் குறிப்புகள்

2000ஆம் ஆண்டு செப்டெம்பர் 28ஆம் திகதி சிட்னி ஒலிம்பிக் அரங்கில் பெண்களுக்கான 200 மீற்றர் இறுதிப் போட்டி நடந்தது. அன்றைய முடிவு இதுதான்: அமெரிக்காவின் மரியன் ஜோன்ஸ் 21.84 செக்கன், தங்கம். பஹாமாஸின் போலின் டேவிஸ் தொம்சன் 22.27, வெள்ளி. இலங்கையின் சுசந்திகா ஜயசிங்க 22.28, வெண்கலம். ஜமெய்க்காவின் பெவர்லி மெக்டொனால்ட் 22.35, நான்காம் இடம். அந்தப் போட்டியில் அவருக்குப் பதக்கம் எதுவும் கிடைக்கவில்லை.

இன்று அதே போட்டியின் முடிவைத் தேடிப் பார்த்தால் மரியன் ஜோன்ஸின் பெயர் பட்டியலில் இல்லை. டேவிஸ் தொம்சனுக்குத் தங்கம், சுசந்திகாவுக்கு வெள்ளி, மெக்டொனால்டுக்கு வெண்கலம். இந்த மாற்றத்துக்கு ஒன்பது வருடங்கள் பிடித்தன.

ஒவ்வொரு ஒலிம்பிக்கின்போதும், ஒவ்வொரு கிரிக்கெட் உலகக் கிண்ணத்தின்போதும் ஊக்கமருந்துச் செய்தி ஒன்று வந்தே தீரும். நான் பார்த்தவரையில் எங்கள் சனம் அதற்கு இரண்டு விதமாகத்தான் பதில் சொல்லும். ஒன்று, “எல்லாரும் கள்ளர்தான், பிடிபட்டவன் மட்டும் குற்றவாளி.” மற்றது, பிடிபட்டவர் நமக்குப் பிடித்தவர் என்றால், “இது சதி.” இரண்டுமே யோசிக்கும் வேலையை மிச்சப்படுத்தும் பதில்கள். உண்மையில் இந்த விடயம் எப்படி நடக்கிறது, ஒரு முடிவு எப்படித் திருத்தப்படுகிறது, எப்போது திருத்தப்படாமலே போகிறது என்பதை அந்த 200 மீற்றர் ஓட்டத்தை வைத்தே விளங்கிக்கொள்ளலாம்.

அந்த வெண்கலம் எங்களுக்கு யாருடையது?

சுசந்திகா ஓடியபோது நாங்கள் இடம்பெயர்ந்து வன்னியில் இருந்தோம். மின்சாரம் இல்லை. பற்றரி கிடைப்பது அரிது. சைக்கிளைக் கவிழ்த்துவைத்து, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்ட காலம். இரவில் தமிழோசைச் செய்திக்காகச் சுற்றியபோதுதான் எனக்கு அந்தச் செய்தி கிடைத்தது. வீட்டில் ஒரே கருத்து இருக்கவில்லை. “அந்தக் கொடிக்குக் கிடைச்ச பதக்கத்தில எங்களுக்கு என்ன?” என்று கேட்டவர்களும் இருந்தார்கள். அந்த வருடத்தில் அப்படிக் கேட்டதில் நியாயம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன்.

ஆனால் நான் பாடசாலை நாட்களில் 400 மீற்றர் ஓடியவன். வறிய கிராமத்துக் குடும்பமொன்றிலிருந்து வந்த ஒரு பெண் ஒலிம்பிக் இறுதிப் போட்டியில் 22.28 செக்கனில் ஓடுவது என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். அதற்கு முன் இந்தத் தீவுக்கு ஒலிம்பிக்கில் கிடைத்த ஒரே பதக்கம், 1948இல் லண்டனில் டங்கன் வைட் 400 மீற்றர் தடைதாண்டலில் வென்ற வெள்ளி. ஆசிய விளையாட்டு விழாவில் முதல் தங்கத்தைப் பெற்றுத் தந்தவர் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் படித்த நாகலிங்கம் எதிர்வீரசிங்கம். அது 1958இல் டோக்கியோவில், உயரம் பாய்தலில். கொடிகளின் கதை வேறு, கால்களின் கதை வேறு என்று எண்ணித்தான் நான் விளையாட்டுப் பார்க்கப் பழகிக்கொண்டேன்.

பரிசோதனை எதைக் கண்டுபிடிக்கும்?

சிட்னியில் மரியன் ஜோன்ஸ் மூன்று தங்கமும் இரண்டு வெண்கலமும் வென்றார். அங்கு நடந்த எந்தப் பரிசோதனையிலும் அவர் அகப்படவில்லை. இதிலிருந்து இரசிகர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் விடயம் ஒன்று உண்டு. ஆய்வுகூடம், தான் தேடுகிற பொருளைத்தான் கண்டுபிடிக்கும். இருப்பதே தெரியாத ஒரு பொருளைத் தேட முடியாது.

கலிபோர்னியாவில் விக்டர் கொன்டே என்பவர் நடத்திய பல்கோ நிறுவனத்தின் ஊடாக வீரர்களுக்குப் போய்ச்சேர்ந்த மருந்து அப்படிப்பட்டது. அது புதிதாக வடிவமைக்கப்பட்ட ஒரு ஸ்டெரொயிட். வீரர்களிடையே அதற்குப் பெயர் ‘த கிளியர்’. அக்காலத்துப் பரிசோதனைகளில் அது தெரியவராது. 2003இல், பயன்படுத்தப்பட்ட ஓர் ஊசிக்குழல் அமெரிக்க ஊக்கமருந்துத் தடுப்பு முகவரகத்துக்குப் பெயர் சொல்லாமல் அனுப்பிவைக்கப்பட்டது. அதில் ஒட்டியிருந்த மிச்சத்தை வைத்து லொஸ் ஏஞ்சலிஸ் ஆய்வுகூடத்தில் டொன் கற்லின் என்ற விஞ்ஞானியின் குழு அந்தப் பொருளை அடையாளம் கண்டு, அதற்கான பரிசோதனையையும் உருவாக்கியது. ஊசிக்குழலை அனுப்பியவர் ட்ரெவர் கிரஹாம் என்ற பயிற்றுநர். மரியன் ஜோன்ஸைப் பயிற்றுவித்தவரும் இதே ஆள்தான். போட்டிப் பயிற்சிக் குழுக்களைக் காட்டிக்கொடுக்கப் போனவர், கடைசியில் தன் பழைய மாணவியையும் சேர்த்துக் காட்டிக்கொடுத்தார்.

அப்போதும் ஜோன்ஸ் மறுத்தார். அமெரிக்கக் கூட்டரசு விசாரணையாளர்களிடமும் மறுத்தார். அதுதான் அவருக்கு வினையானது. 2007 ஒக்டோபரில் நீதிமன்றத்தில், விசாரணையாளர்களிடம் பொய் சொன்னதை ஒப்புக்கொண்டார். சிட்னி ஒலிம்பிக்குக்குச் சற்று முன்னரிருந்து 2001 வரை அந்த மருந்தைப் பாவித்ததாகவும், பயிற்றுநர் அதை ஆளிவிதை எண்ணெய் என்று சொல்லித் தந்ததாகவும் கூறினார். அவருக்கு ஆறு மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது. சிறுநீர்ப் போத்தல் சொல்லாததை, சத்தியம் செய்து கொடுத்த வாக்குமூலம் சொல்லவைத்தது.

பதக்கம் எப்படிக் கைமாறும்?

2007 டிசம்பரில் சர்வதேச ஒலிம்பிக் குழு ஜோன்ஸின் பதக்கங்களைப் பறித்தது. ஆனால் அடுத்த நிலையில் வந்தவர்களை உடனே மேலே தூக்கிவிடவில்லை. அதற்கு இன்னும் இரண்டு வருடங்கள் எடுத்தன. வழக்கில் சம்பந்தப்பட்ட வேறு வீரர்களின் பெயர்களும் வரலாம் என்பதால் காத்திருந்தார்கள்.

காத்திருந்ததற்குப் பலனும் இருந்தது. 100 மீற்றரில் ஜோன்ஸுக்கு அடுத்ததாக வந்தவர் கிரேக்கத்தின் கற்றரினா தானு. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்குக்கு முந்திய நாள், ஊக்கமருந்துப் பரிசோதனைக்கு வராமல்விட்டு, மோட்டார் சைக்கிள் விபத்து என்று காரணம் சொல்லிப் பெரும் சர்ச்சையில் மாட்டிக்கொண்டவர் அவர். அவரைத் தங்கத்துக்கு உயர்த்த ஒலிம்பிக் குழு மறுத்தது. ஆகவே சிட்னி 100 மீற்றர் தங்கம் இன்றுவரை எவருக்கும் இல்லை. பட்டியலில் முதலாம் இடம் காலியாகவே கிடக்கிறது. ஜோன்ஸுடன் அஞ்சலோட்டத்தில் ஓடிய மற்றப் பெண்களின் பதக்கங்களையும் பறித்தார்கள். அவர்கள் விளையாட்டுக்கான நடுவர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். ஒருவர் பிழைவிட்டால் முழு அணியையும் நீக்கலாம் என்ற விதி 2000இல் இருக்கவில்லை என்று சொல்லி, 2010இல் அந்த நீதிமன்றம் அவர்களுடைய பதக்கங்களைத் திருப்பிக் கொடுத்தது.

200 மீற்றரில் அப்படிச் சிக்கல் எதுவும் இல்லை. 2009 டிசம்பர் 9ஆம் திகதி லொசானில் கூடிய ஒலிம்பிக் குழுவின் நிறைவேற்றுச் சபை, சுசந்திகாவின் வெண்கலத்தை வெள்ளியாக்கியது.

அந்த வாரம் நாங்கள் முகாமில் இருந்தோம். வெளியே போய்வர அனுமதி அப்போதுதான் தொடங்கியிருந்தது. வவுனியாவுக்குப் போய்வந்த ஒருவர் சாமான் சுற்றிக் கொண்டுவந்த பத்திரிகைத் துண்டில் அந்தச் செய்தியை வாசித்தேன். பதக்கம் அறிவிக்கப்பட்ட அன்று என்னோடு இருந்து றேடியோ கேட்ட எல்லோரும், அது திருத்தப்பட்ட அன்று இருக்கவில்லை. ஒன்பது வருடம் என்றால் எவ்வளவு என்று எனக்கு எவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

குற்றச்சாட்டு வேறு, தீர்ப்பு வேறு

இந்தக் கதையில் இன்னொரு பக்கமும் உண்டு. சுசந்திகாவே 1998இல் நன்ட்ரொலோன் என்ற ஸ்டெரொயிட் தொடர்பாகக் குற்றஞ்சாட்டப்பட்டவர். அவர் அதை மறுத்தார், தனக்கெதிரான சதி என்றார். பின்னர் அந்தக் குற்றச்சாட்டிலிருந்து விடுவிக்கப்பட்டு மீண்டும் ஓடினார். இதை மறைத்து எழுதினால் கட்டுரை அழகாக இருக்கும், ஆனால் முழுமையாக இராது. இரசிகன் ஒருவன், குற்றஞ்சாட்டப்பட்டு விடுவிக்கப்பட்டவரையும் ஒப்புக்கொண்டு தண்டிக்கப்பட்டவரையும் ஒரே தட்டில் வைக்கக்கூடாது.

பரிசோதனை நடக்கும் முறையைத் தெரிந்துகொண்டால் இந்த வேறுபாடு தெளிவாகும். வீரர் கொடுக்கும் சிறுநீரை இரண்டு போத்தல்களில் பிரித்து முத்திரையிடுவார்கள். ஒன்று ‘ஏ’ மாதிரி, மற்றது ‘பி’ மாதிரி. முதலில் ‘ஏ’யைச் சோதிப்பார்கள். அதில் தடைசெய்யப்பட்ட பொருள் தெரிந்தால், வீரர் ‘பி’யையும் சோதிக்கும்படி கேட்கலாம். இரண்டும் ஒத்துப்போனால்தான் வழக்கு நிற்கும். பல நேரங்களில் ‘ஏ’ மாதிரி முடிவு கசிந்த உடனேயே செய்தி வெளியாகிவிடுகிறது. 2006இல் இதே மரியன் ஜோன்ஸின் ‘ஏ’ மாதிரியில் ஈபிஓ என்ற இரத்தச் சிவப்பணுக்களைப் பெருக்கும் மருந்து இருப்பதாக வந்தது. ‘பி’ மாதிரியில் வரவில்லை. அந்த வழக்கு அத்தோடு முடிந்தது. பின்னாளில் வேறொரு மருந்து விடயத்தில் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார் என்பதற்காக, 2006இன் முடிவு பிழையாகிவிடாது.

நமக்குக் கிட்டிய உதாரணம் குசல் பெரேரா. 2015 டிசம்பரில் நியூஸிலாந்துச் சுற்றுப்பயணத்தின்போது, அவரது மாதிரியில் தடைசெய்யப்பட்ட ஸ்டெரொயிட் இருப்பதாகக் கட்டார் ஆய்வுகூடம் ஒன்று அறிவித்தது. அணியிலிருந்து நீக்கப்பட்டார். 2016 மார்ச்சில் இந்தியாவில் நடந்த இருபதுக்கு இருபது உலகக் கிண்ணத்தில் அவரால் விளையாட முடியவில்லை. 2016 மே மாதம், அதே ஆய்வுகூடம் தன் முடிவை மீளப்பெற்றது. சர்வதேச கிரிக்கெட் சபை குற்றச்சாட்டைக் கைவிட்டது. உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகவரகத்தின் அங்கீகாரம் பெற்ற ஆய்வுகூடமும் பிழைவிடலாம். அதற்கு விலை கொடுத்தது விளையாட்டு வீரர். இழந்த உலகக் கிண்ணத்தை எவராலும் திருப்பிக் கொடுக்க முடியாது.

உபுல் தரங்கவின் கதை வேறு. 2011 உலகக் கிண்ணத்தின்போது எடுக்கப்பட்ட மாதிரியில் பிரெட்னிசோன், பிரெட்னிசொலோன் இருந்தன. தோள் உபாதைக்கு எடுத்த மூலிகை மருந்திலிருந்து அவை வந்ததாக அவர் தரப்பு சொன்னது. ஆட்டத்தை மேம்படுத்தும் எண்ணம் இருக்கவில்லை என்பதை விசாரணைக் குழு ஏற்றுக்கொண்டது. ஆனாலும் மூன்று மாதத் தடை விதித்தது. காரணம், இந்த விதிகளின் அடிப்படை ஒன்றுதான்: உடலுக்குள் என்ன போகிறதோ அதற்கு வீரரே பொறுப்பு. தெரியாமல் எடுத்தது தண்டனையைக் குறைக்கும், குற்றத்தை இல்லாமல் ஆக்காது.

இது எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கும் பொருந்தும். பிரெட்னிசொலோன் முட்டு வருத்தத்துக்கு வைத்தியர்கள் சாதாரணமாக எழுதிக்கொடுக்கும் குளிசை. இலங்கையில் 2013ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் ஊக்கமருந்துத் தடுப்பு முகவரகம் இயங்குகிறது. தேசிய மட்டத்துக்குப் போகும் பிள்ளை எவரும் பரிசோதனைக்கு அழைக்கப்படலாம். ஆகவே வைத்தியரிடம் போகும்போது “நான் போட்டியில் ஓடுகிறேன்” என்று முதலில் சொல்ல வேண்டும். அந்த மருந்து கட்டாயம் தேவை என்றால், முன்கூட்டியே சிகிச்சைக்கான விலக்கு கேட்டு விண்ணப்பிக்க வழி உண்டு. உள்ளே என்ன கலந்திருக்கிறது என்று தெரியாத சூரணத்தையும், ஜிம்மில் விற்கும் புரதமாவையும் நம்பி வாங்கிக் கொடுப்பதைப் பெற்றோரும் பயிற்றுநரும் நிறுத்த வேண்டும்.

ஓர் அரசே செய்தால்?

இதுவரை சொன்னவை தனியாட்களின் கதைகள். அரசே மருந்து கொடுத்தால், அரசே ஆய்வுகூடத்தையும் நடத்தினால் என்னவாகும்?

கிழக்கு ஜேர்மனியில் அதுதான் நடந்தது. 1974 முதல் ‘அரசுத் திட்டம் 14.25’ என்ற பெயரில், ஆயிரக்கணக்கான விளையாட்டு வீரர்களுக்கு ஓரல் டுரினபோல் என்ற ஸ்டெரொயிட் குளிசை கொடுக்கப்பட்டது. பதின்வயதுச் சிறுமிகளுக்கு அதை விற்றமின் என்று சொல்லிக் கொடுத்தார்கள். குரல் தடித்தது, உடலில் மயிர் வளர்ந்தது. பின்னாளில் ஈரல் நோய்களும் கருப்பைக் கோளாறுகளும் வந்தன. 1976 மொன்றியல் ஒலிம்பிக்கில் அமெரிக்க நீச்சல் வீராங்கனை ஷேர்லி பபஷொப், கிழக்கு ஜேர்மனியர் மருந்து பாவிப்பதாக வெளிப்படையாகச் சொன்னார். தோற்றதில் எரிச்சல் பிடித்தவள் என்று பத்திரிகைகள் அவரைத்தான் பரிகசித்தன. அந்த ஒலிம்பிக்கில் அவர் நான்கு வெள்ளிகள் வென்றார். நான்கிலும் அவருக்கு முன்னால் வந்தது கிழக்கு ஜேர்மனி.

பேர்லின் சுவர் விழுந்த பிறகு, வேர்னர் பிராங்கே என்ற விஞ்ஞானியும் முன்னாள் தட்டெறிதல் வீராங்கனையான அவரது மனைவி பிரிஜிற்றே பேரென்டொங்கும் இராணுவ மருத்துவ நிலையமொன்றில் இருந்த இரகசிய ஆவணங்களை அழிய முன்னர் தேடி எடுத்தார்கள். யாருக்கு எத்தனை மில்லிகிராம் என்பதெல்லாம் அதில் எழுதப்பட்டிருந்தது. சிட்னி ஒலிம்பிக்குக்கு இரண்டு மாதம் முன்னர், 2000 யூலையில், கிழக்கு ஜேர்மனி விளையாட்டுத் துறையின் தலைவராயிருந்த மன்பிரெட் எவால்டை பேர்லின் நீதிமன்றம் குற்றவாளி என்றது. சிறைத் தண்டனை ஒத்திவைக்கப்பட்டது. ஆனால் மொன்றியல் பதக்கப் பட்டியல் மாறவில்லை. பபஷொப்பின் நான்கு வெள்ளிகள் இன்றும் வெள்ளிகளே.

2014இல் ரஷ்யாவின் சோச்சி குளிர்கால ஒலிம்பிக்கில் வேறு முறை கையாளப்பட்டது. ஆய்வுகூடச் சுவரில் ஓர் ஓட்டை. இரவில் அதன் வழியாக வீரர்களின் போத்தல்கள் அடுத்த அறைக்குப் போகும். அங்கிருந்து உளவுத்துறை ஆட்கள் எடுத்துச்சென்று, திறக்கவே முடியாது என்று சொல்லப்பட்ட மூடியைத் திறப்பார்கள். முன்பே சேகரித்து வைத்த சுத்தமான சிறுநீரை நிரப்பித் திருப்பி அனுப்புவார்கள். இதை உலகுக்குச் சொன்னவர், அந்த ஆய்வுகூடத்தின் தலைவராக இருந்து அமெரிக்காவுக்குத் தப்பியோடிய கிரிகோரி ரொட்சென்கொவ். ஆயிரத்துக்கு மேற்பட்ட வீரர்கள் இந்த ஏற்பாட்டினால் பயன்பெற்றதாக 2016இல் மெக்லாரன் அறிக்கை கூறியது.

திருத்தத்துக்கு மூன்று வேண்டும்

இவற்றை எல்லாம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்கு ஒன்று விளங்கியது. பிழையான ஒரு முடிவு திருத்தப்பட மூன்று வேண்டும். முதலாவது, தடயம் பாதுகாக்கப்பட்டிருக்க வேண்டும்: ஊசிக்குழல், போத்தல், ஆவணம். இரண்டாவது, உள்ளே இருந்த ஒருவர் வாய்திறக்க வேண்டும். மூன்றாவது, பழைய முடிவைத் திறக்கலாம் என்று விதி இடங்கொடுக்க வேண்டும், அதுவும் கால எல்லைக்குள். சிட்னி 200 மீற்றரில் மூன்றும் பொருந்தின. மொன்றியலில் ஆவணம் கிடைத்தது, சாட்சியும் இருந்தது, விதி இடங்கொடுக்கவில்லை. பதக்கத்தையும் உயிரையும் ஒன்றாக வைத்துப் பேச நான் துணியமாட்டேன். ஆனால் பொலித்தீன் பையில் பத்திரங்களைச் சுற்றி, பதுங்குகுழியிலிருந்து முகாம் வரை காவித்திரிந்த எங்களுக்கு, தடயத்தின் பெறுமதியைப் பற்றி விளையாட்டு உலகம் புதிதாகச் சொல்லித்தர எதுவும் இல்லை.

1999இல் உருவாக்கப்பட்ட உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகவரகம், இந்த மூன்றில் இரண்டைச் சட்டமாக்கியிருக்கிறது. அதன் விதிக்கோவையில் பழைய குற்றத்தைத் திறக்கும் கால எல்லை முதலில் எட்டு வருடங்களாக இருந்தது, 2015இலிருந்து பத்து வருடங்கள். ஒலிம்பிக் மாதிரிகளும் உறைநிலையில் பாதுகாக்கப்பட்டு, புதிய முறைகள் வரும்போது மீளச் சோதிக்கப்படுகின்றன. 2008 பெய்ஜிங்கில் யுசைன் போல்ட் அணி வென்ற அஞ்சலோட்டத் தங்கம் 2017இல் பறிபோனது இப்படித்தான். போல்ட்டின் மாதிரியில் குற்றம் இல்லை, முதல் ஓட்டம் ஓடிய நெஸ்டா கார்ட்டரின் மாதிரியில் இருந்தது. தங்கம் ட்ரினிடாட் அணிக்குப் போனது.

மூன்றாவதை, அதாவது உள்ளிருந்து ஒருவர் பேசுவதை, எந்த விதியாலும் உறுதிப்படுத்த முடியாது. பேசுகிறவருக்குப் பாதுகாப்புக் கொடுக்கலாம், அவ்வளவுதான். ரஷ்ய விவகாரத்தை முதலில் வெளியே கொண்டுவந்த ஓட்ட வீராங்கனை யூலியா ஸ்டெபனோவாவும் அவரது கணவரும் நாட்டைவிட்டே போக வேண்டியிருந்தது.

தெரிந்த பிறகும் எதற்கு விளையாட்டுப் பார்க்கிறாய் என்று என்னிடம் கேட்கிறார்கள். நான் பார்க்கும் முறை மாறியிருக்கிறது, அவ்வளவே. முன்பெல்லாம் முதல் மூன்று பேரோடு நிறுத்திக்கொள்வேன். இப்போது நான்காவதாக, ஐந்தாவதாக வந்தவர்களின் பெயர்களையும் வாசிக்கிறேன். பெவர்லி மெக்டொனால்ட் மேடையில் நின்றிருக்க வேண்டிய அந்த மாலை, ஒன்பது வருடம் கழித்து ஒரு கூட்டத் தீர்மானமாகத்தான் அவருக்கு வந்தது. ஊக்கமருந்து எடுத்தவர் ஏமாற்றியது பார்வையாளர்களை என்று பொதுவாகச் சொல்கிறோம். முதலில் ஏமாற்றப்பட்டவர் பக்கத்து ஓடுபாதையில் ஓடியவர்.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கின் மாதிரிகள் இப்போது உறைநிலைப் பெட்டிகளில் இருக்கின்றன. 2034 வரை அவற்றைத் திறந்து பார்க்கலாம். அதுவரைக்கும் அந்தப் பதக்கப் பட்டியல் முடிந்த பட்டியல் அல்ல.